தவமணி வீட்டுக் கதவு

பொறியியல் கல்லூரிக்குப் பின்தெருவில் குடியிருந்து தவமணிக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. கடைசி வருட மாணவர்கள் ஏதாவது ஒரு வீட்டின் நிஜப் பிரச்சினையைத் தீர்த்தால்தான் பட்டம் என்று ஆனதிலிருந்து, அவள் அடுப்பில் பால் பொங்கி வழிவதில்லை, மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி ஒழுகுவதில்லை, கொசுகூட எட்டிப் பார்ப்பதில்லை. அப்படியும் வாசலில் கூட்டம் குறையவில்லை.

"ஆன்ட்டி, ஒரு பிரச்சினை குடுங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல" என்று கெஞ்சினான் ஃபைசல் என்ற மாணவன்.

"நீங்க வர்றதுதான் கண்ணு என் பிரச்சினை. முடிஞ்சா அதைத் தீத்து வை."

பையன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டுக் கதவில் ஒரு கருவியைப் பொருத்திவிட்டுப் போனான். கடைசி வருட மாணவர் யார் வந்து நின்றாலும் கதவே மோப்பம் பிடித்து, தவமணியின் குரலில், "வீட்ல யாரும் இல்லீங்" என்று சொல்லிவிடும். ஃபைசலுக்கு முதல் பரிசு கிடைத்தது. தவமணிக்கு மதியத் தூக்கம் கிடைத்தது.

பொங்கல் லீவுக்கு மகள் இலக்கியா சென்னையிலிருந்து வந்தாள். அவளும் பொறியியல்தான், கடைசி வருடம். பெட்டியும் பசியுமாக நின்றவளிடம் கதவு சொன்னது:

"வீட்ல யாரும் இல்லீங்."

இலக்கியா கதவை இடித்த சத்தத்தில் விழித்த தவமணி ஓடிவந்து திறந்தாள்.

"பெத்த பொண்ணையே உள்ள விடாதா இது?" என்று கத்திய இலக்கியா சட்டென்று நிறுத்தினாள். கதவை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அம்மா! எனக்கு ப்ராஜெக்ட்டுக்குப் பிரச்சினை கெடச்சிருச்சு!"

தவமணி கதவைப் படாரென்று சாத்தினாள்.

"வீட்ல யாரும் இல்லீங்."

இந்தத் தடவை சொன்னது கதவு இல்லை.