சாய்ந்த எழுத்து

பால்பாண்டி உட்காரவே மாட்டேன்கிறான். சிவகாசியின் அந்த அச்சாபீசில் நாற்காலி சும்மா கிடக்க, ஜன்னலுக்கும் கம்ப்யூட்டர் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தான். தீபாவளிப் பட்டாசு லோடு ஏற்றிய அவன் லாரி தெருமுனையில் நிற்கிறது, நாக்பூர் போக வேண்டும். மாற்று டிரைவர் வேறு ஹாரனை அமுக்கி உயிரை எடுக்கிறார்.

"முதல்ல இவர் வேலைய முடிச்சுக் குடும்மா" என்று சொல்லிவிட்டு முதலாளி ராஜசிங் மெஷின் பக்கம் போய்விட்டார்.

டிசைன் பண்ணும் அருணாதேவி திரையை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. "என்ன அடிக்கணும்?"

"மன்னிப்புக் கடுதாசி. பொண்டாட்டிக்கு. கோவிச்சுக்கிட்டு வெம்பக்கோட்டையில அக்கா வீட்டுக்குப் போயிட்டா. போன எடுக்க மாட்டேங்கா. நான் திரும்பி வர தீபாவளி நெருங்கிரும். இப்படியே விட்டுட்டுப் போனா வண்டி ஓட்ட மனசு ஓடாதுங்க."

"கையாலயே எழுதலாம்ல?"

"என் கையெழுத்து எனக்கே விளங்காது."

"சரி, மேல பேர் என்ன போட?"

"ஏட்டின்னுதான் கூப்பிடுவேன். அத எப்படிங்க போட? பேர் வேணாம். நான் பேசுனது தப்பு. நாலு பேர் முன்னாடி உன் வேலையக் கேவலமாச் சொல்லியிருக்கக் கூடாது. நீ இல்லாம வீட்டுக்குள்ள நுழையவே பிடிக்கல. வந்துரு. இம்புட்டுதான்."

அருணாதேவியின் விரல்கள் நடுவில் ஒருமுறை நின்று, பிறகு ஓடின. நிமிர்ந்த தடித்த எழுத்தில் காட்டினாள்.

"ஆத்தாடி, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரில்ல இருக்கு."

அடுத்து, வளைவும் சுழியுமாக ஒன்று.

"இது கல்யாணப் பத்திரிகை. அது முடிஞ்சுதான இம்புட்டுப் பாடு."

மூன்றாவது, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்த எழுத்து. பேனாவால் மடமடவென்று எழுதினாற்போல் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தது.

"பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்ல 'அன்புடன்'னு போட இதைத்தான் வைப்போம். பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும். எச்சரிக்கை வாசகத்துக்கு மட்டும் வைக்க மாட்டோம், எவனும் பயப்பட மாட்டான்."

பால்பாண்டி நடையை நிறுத்திக் குனிந்து பார்த்தான். "லோடுக்குப் போறவன் நின்னவாக்குல எழுதுன மாதிரியே இருக்கு. இதையே போடுங்க. படிச்சா அவ மனசு இறங்குமா?"

மறுபடி ஹாரன். பால்பாண்டி தவித்துப்போனான்.

"ஒரு காப்பி போதுங்க, சீக்கிரம் பிரிண்ட் எடுங்க."

அருணாதேவி அப்போதுதான் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"பிரிண்ட் எதுக்கு, அதான் படிச்சுட்டேன்ல... வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போங்க."