கோரம்

"தீயணைப்பு நிலையமா? அதும் என் ஆட்டுக் கிடை போடுத எடத்துலயா? நாளைக்குக் கிராமசபையில எவன் கை தூக்குதான்னு நானும் பாக்குதேன்!"

டீக்கடை வாசலில் நின்று இசக்கித்துரை போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.

நோட்டீஸ் கட்டோடு அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தாள் வார்டு மெம்பர் பொன்செல்வி. விடுவாளா?

"அண்ணாச்சி, அது புறம்போக்கு. உங்க சொத்து இல்ல."

"எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க ஆடு அங்கனதான் படுக்கு. இன்னைக்கு வந்து எந்திரின்னா எந்திரிக்குமா? ஏலே, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாளைக்குக் காலையில மெம்பரம்மாவா நானான்னு பாத்துருவோம்!"

கடையில் இருந்தவர்களுக்கு ஒரே குஷி. ஒருத்தன் விசில்கூட அடித்தான்.

பொன்செல்வி ஆளுக்கொரு நோட்டீஸைக் கையில் திணித்துவிட்டு நடந்தாள். பட்டவளுக்குத்தானே தெரியும்?

போன வருஷம் பங்குனி மாசம் அவள் வீட்டு விசைத்தறிக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கரன்கோவிலில் இருந்து வண்டி விழுந்தடித்துக்கொண்டுதான் வந்தது. அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தூரம் அப்படி. வந்தவர்கள் சாம்பலுக்குத்தான் தண்ணீர் அடித்தார்கள். முதலாளியாக இருந்த அவள் புருஷன் சுடலைராஜ் இப்போது அடுத்தவன் தறியில் கூலிக்கு நிற்கிறான்.

'இனிமே இந்த ஊர்ல இன்னொருத்தி இப்படி நிக்கக் கூடாது' என்று அன்றைக்குப் பிடித்த பிடிதான். அலையாத ஆபீஸ் இல்லை. கடைசியில், "கிராமசபையில் இடத்துக்குத் தீர்மானம் போட்டு அனுப்புங்கள், நிலையம் தருகிறோம்" என்று பதிலும் வந்துவிட்டது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடணுமே! இங்கே பூசாரி, ஊர் ஜனம்.

மே தினத்துக் கிராமசபைக் கூட்டத்தில் ஊராட்சி கிளார்க் ஜெயசிங் உதட்டைப் பிதுக்கினார்.

"கோரம் இல்ல மெம்பரம்மா."

"என்னது? எங்கொட்டகை எரிஞ்சது கோரம் இல்லையா? இதவிட என்ன சார் கோரம் வேணும் உங்களுக்கு?"

"ஐயோ, அது இல்லம்மா. கூட்டத்துக்கு நூறு பேராவது வந்து உக்காரணும். அதுக்குப் பேரு கோரம். இங்கன முப்பது பேரு தேறல. தீர்மானம் போட்டாலும் செல்லாது."

சுதந்திர தினத்துக்கும் அதே கதைதான். மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு முக்கால்வாசிப் பேர் நடையைக் கட்டிவிட்டார்கள். காந்தி ஜெயந்திக் கூட்டத்தையும் விட்டால் நிலையம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். "வாரோம் தாயி, வாரோம்" என்றார்கள். போன தடவையும் இதைத்தான் சொன்னார்கள். விடிந்தால் காந்தி ஜெயந்தி. இதில் இந்த இசக்கித்துரை வேறு குறுக்கே விழுந்து மறிக்கிறான்.

"பேசாம விட்டுரு செல்வி" என்றான் சுடலைராஜ்.

"விடமாட்டேன். தோத்தாலும் நின்னு பாத்துட்டுத்தான் தோப்பேன்."

மறுநாள் காலை சமுதாயக் கூடத்துக்குள் நுழைந்தவளுக்குப் பகீரென்றது. உட்கார இடமில்லை. ஜன்னலில் தொற்றிக்கொண்டு நிற்கிறார்கள். டீக்கடைக்காரர், சலூன்காரர், மில்லுக்குப் போகிறவர்கள் என்று ஊரே திரண்டு கிடக்கிறது. நடுவில் மீசையை நீவிக்கொண்டு இசக்கித்துரை.

'பாவி, இம்புட்டு ஆளையும் எனக்கு எதிராத் திரட்டிட்டானே!'

ஆனாலும் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

"நான் அழ வரல. எனக்கு எரிஞ்சது எரிஞ்சு போச்சு. நாளைக்கு உங்க வீடு எரியும்போது வண்டி பக்கத்துல நிக்கணும். அம்புட்டுதான் கேக்கேன்."

ஜெயசிங் எழுந்தார். "கோரம் தாராளமா இருக்கு. தீர்மானத்த ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

ஒருத்தரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் இசக்கித்துரை மேல்தான்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நிதானமாக வலது கையைத் தூக்கினார்.

கூடமே வாயைப் பிளந்தது.

"என்ன அண்ணாச்சி இது? உம்ம கிடை?" என்றான் பின்னால் இருந்தவன்.

"ஆட்டுக்கு நாலு காலு இருக்குலே. வேற எடம் பாத்து நடந்துரும். தீப்பிடிச்சா வீடு எந்திரிச்சு ஓடுமா? தூக்குங்கலே கைய!"

ஒன்று, இரண்டு என்று எழுந்த கைகள் கூடம் முழுக்க நிறைந்துவிட்டன. தீர்மானம் நிறைவேறியது.

பொன்செல்விக்குக் கண் கலங்கியது. "பெறகு எதுக்கு அண்ணாச்சி நேத்து அந்தச் சத்தம் போட்டீய?"

இசக்கித்துரை கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நல்ல காரியம்னு நீ வீடு வீடாப் போய்க் கூப்பிட்ட, முப்பது பேரு வந்தான். சண்டைன்னு நான் ஒரு சத்தம்தான் போட்டேன். கடையப் பூட்டிட்டுல்லா வந்திருக்கானுவ!"