பீரோ பரீட்சை

"ஏங்க, பத்து மணிக்கு வருவாங்க. பீரோவைக் காலி பண்ணி வச்சிட்டேன்!" சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"ம்" என்றார் போதகர். மனைவி எதைச் சொன்னாலும் அவர் பதில் அதுதான். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது, மனைவி பேச்சைக் கணவன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்ற பிரசங்கம்.

போன வருஷம் அவர் நடத்திவைத்த கல்யாணங்களில் நான்கு ஜோடிகள், இதே கூடத்துக்குத் திரும்பி வந்து "ஒத்து வரல ஐயா" என்று அழுதார்கள். மனிதர் நொந்துபோனார். ஐந்தாவதாக ஒரு ஜோடி அழுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அதனால்தான் இந்தப் பரீட்சை. கல்யாணம் கேட்டு வருகிறவர்கள் கூடத்து இரும்பு பீரோவைச் சண்டை போடாமல் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப இறக்கிவைக்க வேண்டும். தூக்கினால் தேதி, இல்லாவிட்டால் கும்பிடு.

இதுவரை பதினோரு ஜோடிகள் தூக்கியாகிவிட்டது. மாடிப்படிச் சுவரில் பதினோரு கீறல்கள்.

பத்து மணிக்கு வாசலில் நின்றவர்களுக்கு ஐம்பது வயதாவது இருக்கும். போதகர் ஆச்சரியப்படவில்லை. "கொஞ்சம் லேட்டாத்தான் முடிவு பண்ணியிருக்கோம் ஐயா" என்று போனில் சொல்லியிருந்தார்களே!

அந்தப் பெண்ணின் தோளில் ஒரு கயிற்றுச் சுருள் தொங்கியது. கேள்வித்தாள் வெளியே போய்விட்டது என்று போதகருக்குப் புரிந்தது.

"இதோ பீரோ. மேல தூக்கிட்டுப் போங்க."

"மேலயா?" இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"மேலதான்." இதைக் கேட்காத ஜோடியே கிடையாது என்பதால் போதகர் சிரித்துக்கொண்டார்.

முதல் படியிலேயே ஆரம்பித்துவிட்டது.

"யோவ், நேராப் பிடியேன்! தூங்குறியா?"

"நீ மொதல்ல வாயை மூடிக்கிட்டு இழு. உங்கண்ணன் மாதிரியே வளைஞ்சு நிக்கிற."

"எங்கண்ணனை இழுக்காத. பீரோவை இழு!"

போதகர் காதைப் பொத்திக்கொண்டார். பதினோரு ஜோடிகளும் சேர்ந்து போட்ட சண்டையை இவர்கள் ஐந்தே படிகளில் போட்டு முடித்திருந்தார்கள்.

திருப்பத்தில் அந்த ஆளுக்கு வலது முட்டி மடங்கியது. அவர் வாய் திறப்பதற்குள் அவள் கயிற்றை இறுக்கி, பாரம் முழுவதையும் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். வசவு மட்டும் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பீரோ மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. போதகர் எங்கே சுவரைப் பார்த்தார், அவர் கவனமெல்லாம் அவர்கள் வாயில்தான்.

"உக்காருங்க" என்றார் வருத்தத்தோடு. "கணவனும் மனைவியும் ஒரே மாம்சம். ரெண்டு பேர் இல்ல, ஒருத்தர். ஒருத்தருக்கு வலிச்சா இன்னொருத்தருக்குத் தெரியணும். நீங்க ஒரு பீரோவுக்கே இந்த அடி அடிச்சிக்கிறீங்க!"

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். அவள் தன் முந்தானையால் அந்த ஆளின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "குனிஞ்சு தொலையேன்" என்று திட்டவும் செய்தாள்.

"எனக்கு மனசு வலிக்குது. ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். உங்களுக்கு நான் கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒரு வாரம்கூடச் சேர்ந்து வாழ மாட்டீங்க!"

அப்போது கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, கல்யாண ஜோடி வந்து உக்காந்திருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

"ம்" என்றார் போதகர். பிறகுதான், பல வருஷங்களில் முதல் தடவையாக, மனைவி சொன்னது அவர் காதில் விழுந்தது.

"அப்போ... நீங்க?"

"பழைய பீரோவை எடுத்துட்டுப் போகச் சொல்லி உங்க வீட்டு அம்மா கூப்பிட்டாங்க ஐயா" என்றாள் அவள், கயிற்றை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டே. "எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாச்சு."