ரெண்டு செகண்டுல கௌசல்யா

"கௌசல்யாக்கா மூஞ்சிய மட்டும் ஏன் ஒளிச்சு வைக்கிறீங்க? வெக்கமா இல்ல?"

நான் கத்துன கத்துல, பையனுக்குப் பொண்ணு கேட்டு வந்திருந்த ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்.

நாகல் நகர்ல சிவனம்மாக்கா நடத்துற கல்யாணத் தகவல் மையம் அது. 2004லயே வெப்சைட் வச்சிருந்தாங்க. வச்சு என்ன பண்ண? தொறக்கவே தொறக்காது. ஒரு வரனோட பக்கத்தத் தட்டுனா எழுத்து முதல்ல வந்துரும். போட்டோ நெத்தி, புருவம், மூக்குன்னு மெதுவா எறங்கி முடிக்க ஒரு நிமிஷம். கௌசல்யாக்காவுது ரெண்டு நிமிஷம்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கிற புள்ளைன்னு என்னையக் கூப்பிட்டாங்க. எல்லாப் போட்டோவையும் சுருக்கி, ரெண்டு செகண்டுல வர்ற மாதிரி பண்ணிட்டேன்.

"அறிவு, கௌசல்யா பக்கத்த மட்டும் தொடாத"ன்னாங்க சிவனம்மாக்கா.

கௌசல்யாக்கா அங்கனயே டைப் அடிக்கிறவங்க. முப்பது வயசு. சின்னதுல ஸ்டவ் வெடிச்சு இடது கன்னமும் கழுத்தும் வெந்துபோச்சு. அவங்களும் அதே வெப்சைட்டுலதான் மாப்பிள்ளை தேடுறாங்க.

"மத்தவங்க மூஞ்சியெல்லாம் டக்குனு வரணும், இவங்க மூஞ்சி மட்டும் வரக்கூடாது. அப்படித்தானே?"

"ஏ புள்ள, மெல்லப் பேசு. அவ உள்ள இருக்கா."

"கேக்கட்டும். தழும்பு இருந்தா மனுசி இல்லையா? ஒங்க சென்டருக்கு அசிங்கமா?"

"இப்பத்தான் கொடைரோட்டுல இருந்து ஒருத்தரு அவளுக்காகப் பேசிக்கிட்டு இருக்காரு. கெடுத்துறாத தாயி. ஒனக்குச் சொன்னா புரியாது."

சொன்னா புரியாதாம். எனக்கு!

மறுநாள் சிவனம்மாக்கா ஒரு நிச்சயத்துக்குச் சின்னாளப்பட்டி போயிட்டாங்க. கௌசல்யாக்காவும் கூடப் போயிருந்தாங்க. நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். நெட் லைன் கட்டாகிக் கட்டாகி ரெண்டு மணி நேரம் ஆச்சு. விடலையே. கௌசல்யாக்கா போட்டோவச் சுருக்கி, எழுத்துக்கெல்லாம் மேல கொண்டாந்து நிப்பாட்டிட்டுத்தான் எந்திரிச்சேன்.

மூணு வாரம் கழிச்சுப் போனேன். பக்கம் முழுசா எறங்குற வரைக்கும் எத்தனை பேரு பாத்தாங்கன்னு அடியில ஒரு நம்பர் ஓடும். முன்னாடி அறுவது. இப்ப நானூத்திப் பத்து!

சிவனம்மாக்கா என்னைய நிமிந்து கூடப் பாக்கலை. நான் நேரா உள்ள கௌசல்யாக்காகிட்ட போனேன்.

"பாத்தீங்களாக்கா? நானூறு பேரு! ஒளிச்சு வச்சிருந்தா வந்திருப்பாங்களா?"

"ஆமா பாப்பா. நெறையாப் பேரு."

"போன் வருதா?"

"இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"முன்னாடி வந்துச்சு. அறுவது பேருல ஒம்பது பேரு கூப்புட்டாங்க. ரசம் நல்லா வைப்பேன், கொழம்பு சுமாராத்தான் வரும்னு எழுதியிருக்கீங்களே, நெசமான்னு கேட்டு கொடைரோட்டுக்காரரு அம்புட்டுச் சிரிப்புச் சிரிச்சாரு. ரெண்டு தடவ பேசுனாரு. வீட்டுல காட்டுறேன்னாரு."

"காட்டுனாரா?"

"காட்டுனாரு. அவரு அக்கா தொறந்துச்சாம். மொதல்ல மூஞ்சிதான் வந்துச்சாம். அப்படியே மூடிட்டாங்களாம்."

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புனேன். அவங்களே மேல சொன்னாங்க.

"மத்தவங்க போட்டோ தெரியாமப் பெருசாப் போச்சு பாப்பா. என்னுத நாந்தான் வேணும்னே பெருசா ஏத்துனேன். அது எறங்குற வரைக்கும் சும்மாவா உக்காந்திருப்பாங்க? எழுதியிருக்கிறதப் படிப்பாங்கள்ல. படிச்ச பொறகு மூஞ்சி வந்தா, செல பேருக்கு அது பெருசாத் தெரியலை."

"இப்பவே பழையபடி மாத்திடுறேன்க்கா."

"வேணாம். நம்ம சுத்துவட்டாரத்துல, இதுல வந்து வரன் பாக்குறவங்க மொத்தமே அம்புட்டுப் பேருதான். எல்லாரும் பாத்துட்டாங்க."

திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். திட்டலை. மெல்லக் கேட்டாங்க.

"நீ படிச்சியா பாப்பா, நான் எழுதுனத?"

அந்தப் பக்கத்தையே ரெண்டு மணி நேரம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவ நான். ஒரு வரி கூடப் படிக்கலை.