இரண்டாவது ராத்திரி

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக் காலை வெயில் சமையலறை மேசையில் விரித்த பள்ளத்தாக்கு வரைபடத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. வெர்லா பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைச் சின்ன ரம்பத்தால் கரகரவென்று அறுக்கிறாள். பள்ளத்தாக்கில் ஐந்து நாள் தனியே நடக்க, முதுகில் சுமக்க வேண்டிய மூட்டை. தண்ணீரே ஆறு கிலோ, மற்றதில் ஒவ்வொரு கிராமும் குறைய வேண்டும். அறுந்த துண்டு வரைபடத்தின் சிவப்புப் பெருக்கல் குறியருகே உருள்கிறது. போன வசந்தத்தில் கால் முறிந்து கிடந்தவளை ஹெலிகாப்டர் தூக்கிப்போன இடம் அது. குறி போட்டவன் புருஷன் தேய்ன். "உனக்கு அறுபத்திரண்டு வயசு. கால்ல வச்சிருக்கிற இரும்புத் தகட்டையும் கழட்டி வச்சிட்டுப் போயேன், எடை குறையும்," என்கிறான், அடுப்பில் முட்டையைப் புரட்டியபடி. "அது இருக்கட்டும். அந்தக் கால்தான் வழி தெரிஞ்ச கால்." தேய்ன் அடுப்பை அணைத்துவிட்டுத் தாளோடு வந்து உட்காருகிறான். எந்த ராத்திரி எங்கே தங்கல் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டாமல் இந்த ஊரில் யாரும் பள்ளத்தாக்குக்குள் இறங்குவதில்லை; வராவிட்டால் தேட வேண்டுமே. "சரி, ரெண்டாவது ராத்திரி எங்க?" வெர்லா பிளாஸ்டிக் தூளை ஊதிவிட்டுச் சிவப்புக் குறியின்மேல் விரலை ஊன்றுகிறாள். அவன் பேனா நகரவில்லை. "எழுது தேய்ன். போன தடவ அங்கேருந்து என்னைத் தூக்கிட்டு வந்தாங்க. இந்தத் தடவ அங்கயே படுத்துத் தூங்கிட்டு, காலைல நானா எந்திரிச்சு நடப்பேன்."