முந்நூறு ரூபாய் அமைதி

தாராவியில் பத்து நிமிட அமைதியின் விலை முந்நூறு ரூபாய். கேபிள் பழுது தேடும் மிக்கேல்ராஜ் நூறில் தொடங்கினார். தகரப் பட்டறை மன்சூர் அலி ஐந்நூறிலேயே நின்றார்.

"தந்தா டைம் சார், யாவார நேரம். சுத்தியலக் கீழ வச்சா எங்க ஆளுகளுக்குக் கூலி யாரு குடுப்பா?"

"உமக்கும் சேத்துத்தானவே கரண்டு தேடுதேன்."

"சுத்தியலுக்குக் கரண்டு வேண்டாமே."

அதற்கு மேல் மிக்கேல்ராஜிடம் வாதம் இல்லை, பணம்தான் இருந்தது. முந்நூறில் முடிந்தது.

சந்துக்குள் இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. மெயின் ரோட்டு வேனில் இருக்கும் இயந்திரத்தை ஓட்டினால், அது பழுதான கேபிளுக்குள் விட்டு விட்டு மின்சாரத்தை அடிக்கும். கேபிள் கெட்ட இடத்தில் மண்ணுக்கடியில் 'டொம்' என்று வெடிக்கும். தரையில் மைக்கை வைத்து அந்தச் சத்தத்தைக் காதில் பிடிக்க வேண்டும். வேனில் உதவியாள் ஸ்டெர்லின் மிக்கேல்ராஜின் போன் உத்தரவுக்காகக் காத்திருந்தான்.

ஒரே ஒரு குழிக்குத்தான் அனுமதி. அது தப்பினால் இந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சூப்பர்வைசர் பத்மஜா காலையிலேயே சொல்லியிருந்தார்.

பொடி விற்கும் சேசம்மாள் வாசலில் நின்று முறைத்தாள். "மிக்ஸி ஓடல அண்ணாச்சி. இட்லிப் பொடி கேட்டவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"வாயக் கொஞ்சம் மூடுனீங்கன்னா இன்னைக்கே ஓடும்."

"மூடிக்கிடுதேன். கதவையும் சேத்து." படாரென்று சாத்தினாள்.

சுத்தியல்கள் ஓய்ந்தன. காசு கொடுத்து வாங்கிய அமைதி சந்து முழுக்கப் பரவிய அந்த நொடியில் மிக்கேல்ராஜின் போன் அலறியது. பத்மஜா.

"கண்டுபிடிச்சாச்சா?"

"விட்டாத்தானே மேடம் கண்டுபிடிக்க." எரிச்சலில் போனையே அணைத்துப் பைக்குள் திணித்தார். ஹெட்போனை மாட்டி, மைக்கைத் தரையில் வைத்து வைத்து நகர்ந்தார். ஒன்றுமில்லை. இன்னும் நகர்ந்தார்.

சேசம்மாள் வீட்டு வாசலில் 'டொம்'. சற்று விட்டு மறுபடி 'டொம்'. மிக்கேல்ராஜுக்கு உயிர் வந்தது.

"இங்கதான். வெட்டுங்கல."

கூட வந்த ஆட்களின் கடப்பாரைகள் இறங்கின, நேரம் முடிந்ததென்று சுத்தியல்களும் எழும்பின. முழங்கால் ஆழத்தில் கேபிள் தெரிந்தது. ஒரு கீறல் இல்லாமல், கடையிலிருந்து வந்ததுபோல் கிடந்தது.

மிக்கேல்ராஜுக்கு அழுகை முட்டியது. மன்சூர் அலி கையில் இன்னொரு முந்நூறை அழுதுவிட்டு, குழிக்குள் இறங்கி மைக்கை வைத்தார்.

'டொம்'.

அப்போது ஸ்டெர்லின் மூச்சிரைக்க ஓடி வந்தான். "போன அணைச்சிட்டு இங்க என்ன அண்ணாச்சி செய்யுதீக? மிஷினப் போடுன்னு உங்ககிட்டருந்து இன்னும் ஒரு வார்த்த வரலியே."

"போடலியா?"

"நீங்க சொல்லாம எப்படிப் போடுவேன்?"

ஹெட்போனில் மறுபடியும் 'டொம்'.

"அப்ப இது என்னதுல?"

கதவு திறந்தது. வேர்த்து வழிய, கையில் உலக்கையோடு சேசம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோ கையாலயே இடிச்சாச்சு, ஒரு கிலோ பாக்கி. கரண்டு வந்துட்டா அண்ணாச்சி?"