முதல் ஆள்

கஞ்சா எண்ணெய் கைநடுக்கத்தைக் குறைக்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சிக்காக, சலூன்காரர் பரமானந்தம் பன்னிரண்டு வாரமாக நாக்குக்கு அடியில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். இன்று அவர் வரைந்த சுருள்கோட்டை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பழைய தாளோடு ஒப்பிட்டார். பழையது கோழி கிளறியது மாதிரி இருந்தது. இது அச்சில் வார்த்த மாதிரி.

"நடுக்கமே இல்ல. இத்தன பேர்ல உங்க கைதான் ஃபர்ஸ்ட்."

அந்தக் கைக்குப் பயந்து இரண்டு வருடமாக ஒருத்தரும் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. பரமானந்தம் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்துப் புது பிளேடு மாட்டினார். விரல் துளிகூட அசையவில்லை.

"அப்ப மொத ஆளா நீங்க உட்காருங்க சார். டாக்டரே உட்கார்ந்தாருன்னா ஊரே வந்துடும்."

டாக்டரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "காலையிலதான் ஷேவ் பண்ணேன், பெரியவரே."

அது மூன்று நாள் தாடி என்று தெரிந்துகொள்ள, முப்பது வருடம் தாடை பார்த்த கண்ணுக்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. பரமானந்தம் கத்தியை மடக்கினார். டாக்டர் அவருடைய ஃபைலைத் திறந்து எழுதினார்: 'தொழிலுக்குத் திரும்பலாம். கத்தி பிடிப்பதில் ஆபத்து ஏதும் இல்லை.'